ஆர்க்டிக் குளிர் இறங்கும் முன்: தெற்கு ஒன்டாரியோ முன்னறிவிப்பை வாசிப்பது எப்படி?

ஜனவரி பிறந்தால் டொராண்டோ பக்கம் ஒரு முறையாவது இந்தக் குழப்பம் வரும். கைபேசிச் செயலி நாளை இரவு −14 என்கிறது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ‘உணர்வது −25’ என்று இருக்கிறது. கனடா சுற்றுச்சூழல் துறையின் அறிக்கை ‘ஆர்க்டிக் குளிர் முகப்பு’ பற்றிப் பேசுகிறது. தொலைக்காட்சியிலோ துருவச் சுழல் உடைந்துவிட்டதாம். ஊரிலிருந்து கூப்பிடும் உறவினர்கள், உலகம் சூடாகிறது என்றார்களே, அது என்ன ஆயிற்று என்று கேட்கிறார்கள்.

எல்லாம் ஒரே இரவைப் பற்றிய பேச்சுதான். ஆனால் இவற்றில் செயலி காட்டும் ஒற்றை எண்தான் ஆகக் குறைந்த பயன் உள்ளது. குளிர் எவ்வளவு இறங்கும் என்பதை அது சொல்லிவிடும். எந்த வரிசையில், எவ்வளவு வேகமாக, எந்தக் காற்றோடு இறங்கும் என்பதைச் சொல்லாது. உயிர்ச்சேதம் பெரும்பாலும் அந்த வரிசையில்தான் ஒளிந்திருக்கிறது. அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## குளிர் எங்கே தயாராகிறது

டிசம்பர் இறுதியில் ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே சூரியனே எட்டிப் பார்ப்பதில்லை. தரையிலிருந்து வெப்பம் அகச்சிவப்புக் கதிராக வானத்துக்குப் போய்க்கொண்டே இருக்கிறது, ஈடுகட்ட எதுவும் வருவதில்லை. பனி மூடிய தரை என்றால் இழப்பு இன்னும் அதிகம். மண்ணுக்குள் இருக்கும் கொஞ்சநஞ்ச வெப்பத்தையும் பனி மேலே வர விடாது. அதே பனியின் மேற்பரப்போ இருக்கும் வெப்பத்தை அள்ளி வானத்துக்கு விட்டபடியே இருக்கும். மேகமும் காற்றும் இல்லாமல் ஒரு வாரம் போனால் போதும், யூக்கான், நுனாவுட், சைபீரியா போன்ற இடங்களில் தரையை ஒட்டிய காற்று −40 டிகிரிக்குப் போய்விடும். யூக்கானில் ஸ்னாக் என்ற இடத்தில் 1947 பிப்ரவரி 3 அன்று −63 டிகிரி பதிவானது. கனடாவின் சாதனை இன்றுவரை அதுதான்.

இப்படி ஒரே இடத்தில் நாள்கணக்கில் கிடந்து ஒரே குணத்தைப் பெற்றுவிட்ட பெரிய காற்றுத் திரளுக்குக் ‘காற்றுத்தொகுதி’ என்று பெயர். குளிர்ந்த காற்று கனமானது, அதனால் அங்கே தரைமட்ட அழுத்தமும் ஏறும். வானிலை வரைபடத்தில் யூக்கான் பக்கம் 1050 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தின் அலகு) அளவில் ஓர் உயர் அழுத்தம் உட்கார்ந்திருந்தால், சரக்கு தயார், வண்டிதான் வரவேண்டும் என்று அர்த்தம்.

அந்தக் காற்று −40 டிகிரியோடு அப்படியே டொராண்டோவுக்கு வந்து சேர்வதில்லை. தெற்கே வர வர வெயில் படும், தரை சூடேற்றும். எவ்வளவு சூடேறும் என்பது வழியைப் பொறுத்தது. சாஸ்கட்செவனிலிருந்து மினசோட்டா வரை சமவெளி முழுக்கப் பனி மூடிக் கிடந்தால் குளிர் அதிகம் குறையாது. தரை வெறுமையாக இருந்தால் சில டிகிரிகள் தணிந்துவிடும். உறையாத பெரிய ஏரியைத் தாண்டினால் அடிப்பகுதி சட்டென்று சூடேறி ஈரத்தையும் குடித்துக்கொள்ளும். வானிலையாளர்கள் குளிரைப் பற்றிப் பேசும்போது பனிப்போர்வையையும் ஏரிகளில் எவ்வளவு ஐஸ் என்பதையும் இழுப்பது இதனால்தான்.

## தெற்கே தள்ளுவது எது

சுமார் 8 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் வேகமான காற்றாறு ஒன்று இருக்கிறது. ஜெட் காற்றோட்டம் என்பது அதுதான். அது நேராக ஓடும் வரை ஆர்க்டிக் குளிர் வடக்கிலேயே அடைபட்டுக் கிடக்கும். ஆறு வளைந்தால்தான் கதை மாறும். அலாஸ்கா, யூக்கான் பக்கம் ஜெட் வடக்கே ஏறி ஒரு மேடு போல வளைந்தால், கிழக்கே ஹட்சன் விரிகுடாவின் மேல் அது தெற்கே இறங்கி ஒரு பள்ளம் போல ஆகும். அந்தப் பள்ளத்தின் மேற்குச் சரிவு வழியாகக் குளிர்காற்று வழுக்கிக்கொண்டு பெரிய ஏரிகள் வட்டாரத்துக்கு வருகிறது. மேடு மிக உயரமாக எழும்பினால், சைபீரியக் காற்றே துருவத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிடும். அப்படி வருவதுதான் ஆகக் கடுமையான குளிர்.

அப்படியானால் துருவச் சுழல்? 2014 ஜனவரிக் குளிரின்போது இந்தச் சொல் செய்திகளில் ஒட்டிக்கொண்டது, அதன்பின் எந்தக் குளிர் வந்தாலும் இதையே சொல்கிறார்கள். மூன்று விஷயங்களைப் பிரித்துவைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

1. துருவச் சுழல் என்பது புயல் கிடையாது, புதிதாக வந்ததும் கிடையாது. சுமார் 15 கி.மீ.-க்கு மேலே, அடுக்கு மண்டலத்தில், துருவத்தைச் சுற்றி ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் உருவாகி வசந்தத்தில் கலைந்துபோகும் காற்று வளையம் அது. நம் தலைக்கு மேல் வானிலையை நடத்தும் ஜெட் காற்றோட்டம் அதற்குக் கீழே ஓடும் வேறொரு சங்கதி.

2. சில குளிர்காலங்களில் கீழிருந்து எழும்பும் காற்றுப் பேரலைகள் அந்த மேல்வளையத்தைக் குலைத்துவிடுகின்றன. அப்போது 30 கி.மீ. உயரத்தில் வெப்பநிலை சில நாட்களில் பல பத்து டிகிரி ஏறும். இதைத் திடீர் அடுக்குமண்டல வெப்பமேற்றம் என்கிறார்கள். 2019 ஜனவரி தொடக்கத்தில் ஒன்று நடந்தது, மாத இறுதியில் சிகாகோ −31 டிகிரி கண்டது. உள்ளூர் ரயில் பாதையின் மாற்றுக்கட்டைகள் உறையாமல் இருக்க அங்கே எரிவாயுத் தீச்சுடர்களை எரியவிட்டார்கள். 2021 ஜனவரி 5-ஐ ஒட்டி இன்னொன்று நடந்தது, பிப்ரவரி நடுவில் டெக்சாஸ் உறைந்தது.

3. ஆனால் மேலே வளையம் உடைந்தால் கீழே நம் ஊரில் குளிர் வந்தே தீரும் என்று கணக்குப் போடக் கூடாது. சில சமயம் குளிர் ஐரோப்பாப் பக்கம் போய்விடும், சில சமயம் எங்கேயும் பெரிதாக எதுவும் நடக்காது. அந்த 2014 ஜனவரிக் குளிரே பெரிய அடுக்குமண்டல உடைப்பு எதுவும் இல்லாமல் வந்ததுதான். ஆகவே மூன்று வாரம் முன்கூட்டி ‘சுழல் உடைந்தது, ஒன்டாரியோ உறையப்போகிறது’ என்று யாராவது எழுதினால், அதைச் சாத்தியம் என்ற அளவில் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் வேண்டாம்.

## முன்னறிவிப்புக்கு எத்தனை நாள் ஆயுள்

வானிலை மையங்கள் கணினி மாதிரியை ஒரு முறை ஓட்டிவிட்டு நிறுத்துவதில்லை. தொடக்க நிலையைச் சிறிது சிறிதாக மாற்றி மாற்றிப் பல முறை ஓட்டுகின்றன. கனடாவின் தொகுப்பில் 21 ஓட்டங்கள், அமெரிக்காவில் 31, ஐரோப்பிய மையத்தில் 50-க்கும் மேல். 50 ஓட்டங்களில் 45 ஒரே மாதிரி குளிரைக் காட்டினால் நம்பலாம். பாதி −8 என்றும் பாதி −22 என்றும் காட்டினால், செயலி நடுவில் −15 என்று போட்டுவிடும். அந்த −15-ஐ ஓர் ஓட்டம்கூடக் காட்டியிருக்காது! செயலியின் எண்ணை நம்பி ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

தொலைவைப் பொறுத்து எதை எதிர்பார்க்கலாம் என்றால், பத்து நாள் முன்னே ‘இயல்பைவிடக் குளிராக இருக்க வாய்ப்பு’ என்ற சாய்வு மட்டும் கிடைக்கும். வானிலையாளர்கள் அப்போது தரையைப் பார்ப்பதில்லை, சுமார் 1.5 கி.மீ. உயரத்தில், அதாவது 850 ஹெக்டோபாஸ்கல் மட்டத்தில், காற்று எவ்வளவு குளிர்ந்திருக்கும் என்று பார்ப்பார்கள். அங்கே மரம், கட்டடம், ஏரி எதுவும் குறுக்கிடாது. ஐந்தாறு நாள் முன்னே, குளிர் வருமா என்பதும் எந்த நாள் என்பதும் ஓரளவு உறுதியாகும். குளிர்காற்றின் முன்விளிம்பான முகப்பு எத்தனை மணிக்குக் கடக்கும் என்பது இரண்டு நாள் முன்னேதான் தெரியும். ஏரியின் ஈரத்தால் கொட்டும் ஏரிப் பனி எந்தச் சாலையின் மேல் விழும் என்பதோ சில மணி நேரம் முன்புவரை வழுக்கிக்கொண்டே இருக்கும்.

ஒரு வேடிக்கை: பெருங்குளிர் என்பது கணிக்க எளிதான வானிலைகளில் ஒன்று. கோடை இடிமழை போல அது திடீரென்று முளைப்பதில்லை, ஆயிரக்கணக்கான கி.மீ. அகலத்தில் நகர்ந்து வருகிறது. டெக்சாஸின் 2021 குளிரும் ஒரு வாரம் முன்பே வரைபடத்தில் தெரிந்ததுதான். அப்படியும் பிப்ரவரி 15 அன்று மின்சாரம் போய் 45 லட்சம் வீடுகளும் கடைகளும் இருண்டன. அரசுக் கணக்கிலேயே 246 பேர் இறந்தார்கள். கிணறுகளிலும் எரிவாயுக் குழாய்களிலும் மின்நிலையங்களிலும் குளிருக்கான காப்பு இல்லை. அறிவிப்பு சரியாக இருந்து என்ன பயன்?

## குளிர் வரும் வரிசை

இதுதான் முக்கியமான பகுதி. ஆர்க்டிக் குளிர் ஒரு கதவைத் திறந்தாற்போல வருகிறது. அந்தக் கதவின் பெயர் குளிர் முகப்பு. கனமான குளிர்காற்று வெதுவெதுப்பான காற்றின் அடியில் ஆப்பு போலப் புகுந்து அதை மேலே தள்ளுகிறது. முகப்புக்கு முன்னும் பின்னும் வானிலை இரண்டு வேறு நாடுகள் போல இருக்கும். அதற்கு மிகச் சரியான பாடம் 2022 டிசம்பர். டென்வர் விமான நிலையத்தில் அந்த மாதம் 21-ஆம் தேதி ஒரே மணி நேரத்தில் வெப்பநிலை +5-லிருந்து −15-க்கு விழுந்தது. அதே குளிர் இரண்டு நாள் கழித்து ஒன்டாரியோவுக்கும், ஈரி ஏரியின் கிழக்கு முனையில் அமெரிக்கக் கரையில் இருக்கும் பஃபலோவுக்கும் வந்தது. வரிசையைப் பாருங்கள்.

1. முதலில் இதம். முகப்பு வருவதற்கு முன் தெற்குக் காற்று வீசும், வெப்பநிலை 3, 4 டிகிரிக்கு ஏறும், மழையோ ஈரப் பனியோ பெய்யும். ‘குளிர் வரும் என்றார்கள், ஒன்றும் காணோமே’ என்று ஆட்கள் சொல்வது இந்த நேரத்தில்தான். மழை இன்னொரு வேலையும் செய்துவிடும். சாலையில் முன்கூட்டிப் போட்ட உப்பைக் கழுவிக்கொண்டு போய்விடும்.

2. பிறகு திடீர் உறைவு. முகப்பு கடந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் வெப்பநிலை பூஜ்யத்தைத் தாண்டிக் கீழே விழும். சாலை காய நேரம் கிடைக்காது. நீர் அப்படியே கண்ணாடியாகிறது. மேலே ஒரு செ.மீ. பனி விழுந்தால் அந்தக் கண்ணாடியும் மறைந்துவிடும், வெள்ளைச் சாலை போலத்தான் தெரியும். முன்னறிவிப்பில் ‘திடீர் உறைவு’ என்ற சொல்லைப் பார்த்தால், அன்று −5 என்று இருந்தாலும் −25 காட்டும் நாளைவிட அதை மதியுங்கள்.

3. கூடவே காற்று. முகப்புக்குப் பின்னால் அழுத்தம் செங்குத்தாக ஏறுவதால் காற்று உறுமிக்கொண்டு வரும். ஒரு தாழ்வழுத்தம் 24 மணி நேரத்தில் 24 ஹெக்டோபாஸ்கல் அளவுக்கு ஆழமானால் அதைக் குண்டுப் புயல் என்கிறார்கள். 2022-இல் வந்தது அந்த வகை. ஈரி ஏரியின் நீரை அது மேற்கு முனையிலிருந்து கிழக்கு முனைக்குத் தள்ளியது. ஒன்டாரியோ கரையில் கிறிஸ்டல் பீச் என்ற ஊரில் ஏரியின் சாரல் பட்டுப் பட்டு உறைந்து, வீடுகள் சாளரம் தெரியாத ஐஸ் பாறைகளாகிவிட்டன.

4. அடுத்து ஏரிப் பனி. இதற்குக் கீழே தனித் தலைப்பு இருக்கிறது.

5. கடைசியில் அமைதி. இரண்டாவது அல்லது மூன்றாவது இரவு உயர் அழுத்தத்தின் நடு நம் தலைக்கு மேல் வந்துவிடும். காற்று நிற்கும், மேகம் கலையும், நட்சத்திரம் தெரியும். வெப்பமானி ஆகக் கீழே போவது அன்றுதான். அதாவது, ஆளுக்கு ஆபத்தான காற்றுக் குளிர்வு (காற்றடிப்பதால் தோல் உணரும் கூடுதல் குளிர்) பெரும்பாலும் முதல் இரவில் வருகிறது, வீட்டுக் குழாய்க்கு ஆபத்தான குளிர் மூன்றாவது இரவில். செயலி இரண்டையும் ஒரே வரிசையில் எண்களாக அடுக்கிவைத்திருக்கும்.

பஃபலோவில் நடந்ததைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். அங்குள்ள வானிலை அலுவலகம் நாட்கணக்கில் முன்னதாகவே, ஒரு தலைமுறைக்கு ஒருமுறை வரும் புயல் என்று எழுதிவிட்டது. டிசம்பர் 23 வெள்ளி காலை முகப்பு வந்தது. வண்டி ஓட்டத் தடை அன்று காலையில்தான் அறிவிக்கப்பட்டது. அதற்குள் பலர் வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள், கிறிஸ்துமஸ் வாரம் வேறு. அடுத்த 37 மணி நேரம் கண்ணெதிரே கை தெரியாத பனிப்புயல். மீட்கப் போன வண்டிகளே சிக்கிக்கொண்டன. அந்த மாவட்டத்தில் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், சிலர் காருக்குள், சிலர் தெருவில், சிலர் மின்சாரம் போன வீட்டுக்குள். அன்று பஃபலோவின் குளிர் சாதனையை உடைக்கும் குளிர் ஒன்றுமில்லை. ஈரத்திலிருந்து உறைவுக்கும், உறைவிலிருந்து குருட்டுப் புயலுக்கும் ஒரே காலையில் தாவியதுதான் கொன்றது.

## ஒரே காற்று, மூன்று ஊர்

ஏரி இன்னும் உறையாமல் 4, 5 டிகிரியில் கிடக்க, அதன் மேல் −20 டிகிரி காற்று ஓடினால், இட்லிக் கொப்பரையின் மேல் ஜன்னல் காற்று பட்டதுபோல ஆவி எழும்பும். அந்த ஈரம் மேலே ஏறி மேகமாகி, மறுகரையில் பனியாகக் கொட்டும். ஏரி நீருக்கும் 1.5 கி.மீ. உயரக் காற்றுக்கும் 13 டிகிரி வித்தியாசம் இருந்தால் ஏரிப் பனிக்கு வழி திறந்துவிட்டது என்பது வானிலையாளர்களின் கைக்கணக்கு. காற்று ஏரியின் நீளவாக்கில் ஓடினால் அதிக நேரம் ஈரம் குடிக்கும், குறுக்கே ஓடினால் குறைவு.

மேற்கு அல்லது வடமேற்குக் காற்று என்று வைத்துக்கொள்வோம். டொராண்டோ ஒன்டாரியோ ஏரிக்குக் காற்று வரும் பக்கம் இருக்கிறது. அதன் ஈரம் எதிர்க்கரைக்குப் போய், அமெரிக்கப் பக்கம் டக் ஹில் மேட்டில் கொட்டும். டொராண்டோவில் வெயில் அடிக்கும், கூடவே கடும் குளிர். ஒரு மணி நேர வண்டித் தூரத்தில் உள்ள பாரியில், ஹியூரான் ஏரியும் ஜார்ஜியன் விரிகுடாவும் அனுப்பும் பனிப்பட்டை முழங்கால் அளவுக்குக் கொட்டும். நெடுஞ்சாலை 400-இல் வடக்கே போகிறவர்கள் நீலவானத்திலிருந்து வெள்ளைச் சுவருக்குள் நேராக நுழைவது இப்படித்தான். டொராண்டோ முன்னறிவிப்பை மட்டும் பார்த்துவிட்டு வடக்கே கிளம்புவது அதனால் சரியில்லை. 2010 டிசம்பரில் சார்னியா அருகே நெடுஞ்சாலை 402-இல் இந்தப் பனிச்சூறையில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் வண்டிகளோடு மாட்டிக்கொண்டு, ராணுவ ஹெலிகாப்டர்கள் வரவேண்டியிருந்தது.

பட்டை எவ்வளவு ஒல்லியாக இருக்கும் என்பதற்கு 2022 நவம்பர் உதாரணம். பஃபலோவுக்குத் தெற்கே ஆர்ச்சர்ட் பார்க்கில் 2 மீட்டர் பனி விழுந்தது. சில கி.மீ. வடக்கே இருந்தவர்களுக்கு அதில் சிறு பங்குதான்.

ஏரிகளின் ஆழமும் இதில் சேர்த்தி. ஈரி ஏரியின் சராசரி ஆழம் 19 மீட்டர்தான், சீக்கிரம் ஐஸ் மூடிவிடும். மூடிவிட்டால் ஆவி நின்று ஏரிப் பனியும் அடங்கும். ஒன்டாரியோ ஏரி சராசரி 86 மீட்டர் ஆழம், முழுக்க உறைவது அபூர்வம். கிழக்குக் காற்று வீசும் இரவில் டொராண்டோ ஏரிக்கரை, பியர்சன் விமான நிலையத்தைவிடச் சில டிகிரி இதமாக இருப்பதும் அதன் புண்ணியம்தான்.

## ‘உணர்வது −25’ எங்கிருந்து வருகிறது

காற்றுக் குளிர்வு என்ற கணக்கின் முதல் வடிவம் அண்டார்க்டிகாவில் பிறந்தது. சைப்பிள், பாசெல் என்ற இரு அமெரிக்கர்கள் தண்ணீர்ப் பாத்திரம் காற்றில் எவ்வளவு வேகமாக உறைகிறது என்று பார்த்துப் போட்ட கணக்கு அது. மனிதத் தோல் தண்ணீர்ப் பாத்திரம் கிடையாதே என்று பல வருடம் குறை சொன்னார்கள். அப்புறம் 2001-இல் கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து புதுக் கணக்குக் கொண்டுவந்தன. அதற்கான சோதனை டொராண்டோவில்தான் நடந்தது. ராணுவ ஆய்வு நிலையம் ஒன்றின் குளிர்காற்றுச் சுரங்கத்தில் ஆறு ஆண்கள், ஆறு பெண்கள் முகத்தில் உணரிகளை ஒட்டிக்கொண்டு நடைபொறியில் நடந்தார்கள். இன்று செயலியில் தெரியும் ‘உணர்வது’ எண் அந்தப் பன்னிரண்டு பேரின் கன்னத்திலிருந்து வந்தது.

அந்தக் கணக்குப்படி −14 டிகிரியில் மணிக்கு 30 கி.மீ. காற்று வீசினால் −25 போல உணர்வோம். −20 டிகிரியில் அதே காற்று −33 ஆக்கிவிடும். கனடாவில் இந்த எண்ணுக்கு டிகிரி குறி போடுவதில்லை, காரணம் அது வெப்பநிலை இல்லை, ஓர் ஒப்பீடு. −28-க்கும் −39-க்கும் இடையே மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம், −40-ஐத் தாண்டினால் 5 முதல் 10 நிமிடம். முதலில் போவது மூக்கு நுனி, காது மடல், விரல். வலி போய் மரத்துப்போனால் சரியாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். அப்போதுதான் தோல் உறைய ஆரம்பித்திருக்கும்.

காருக்கும் குழாய்க்கும் காற்றுக் குளிர்வு பொருந்தாது. −14 டிகிரியில் நிற்கும் கார் எவ்வளவு காற்றடித்தாலும் −14-க்குக் கீழே போகாது, வேகமாக அங்கே போய்ச் சேரும், அவ்வளவுதான்.

டொராண்டோ வட்டாரத்தில் வெப்பநிலையோ காற்றுக் குளிர்வோ −30-ஐத் தொட்டு இரண்டு மணி நேரமாவது நிற்கும் என்றால் கடுங்குளிர் எச்சரிக்கை என்பது பழகிய வரம்பு. வடக்கே போகப்போக வரம்பும் இறங்கும்; −30 அங்கே சாதாரண நாள். 2025 நவம்பர் இறுதியிலிருந்து கனடாவின் எச்சரிக்கைகளில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்கள் வந்திருக்கின்றன. எவ்வளவு பாதிக்கும், எவ்வளவு நிச்சயம் என்ற இரண்டையும் சேர்த்து நிறம் தருகிறார்கள்.

## வாசலிலும் வீட்டுக்குள்ளும்

சாதாரண உப்பு −10-க்குக் கீழே தளர ஆரம்பிக்கும். உப்புநீர் எவ்வளவு செறிவாக இருந்தாலும் −21-இல் உறைந்துவிடும். அதற்கும் கீழே கால்சியம் குளோரைடு கலந்த வகை வேண்டும், அல்லது வழுக்காமல் இருக்க மணல் போதும். கார் பேட்டரியின் திறன் −18 வாக்கில் பாதிக்கு வந்துவிடும், பழைய பேட்டரி அன்று காலை கைவிடும்.

வெளிக்காற்று உள்ளே வந்து சூடாகும்போது ஏன் உதடு வெடிக்கிறது, கதவுக் கைப்பிடியைத் தொட்டால் ஏன் ஷாக் அடிக்கிறது? −20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1 கிராம் நீராவிதான் தாங்கும். 21 டிகிரி அறைக்காற்று 18 கிராம் தாங்கும். ஆகவே அதே காற்றைச் சூடாக்கினால் ஈரப்பதம் 5 சதவீதத்துக்குப் போகிறது. சமையலும் குளியலும் கொஞ்சம் ஏற்றிக் கொடுக்கும், மிச்சத்தை நம் தோல் கொடுக்கிறது.

இன்னொன்று, நம்மவர்களுக்கென்றே. ஆண்டின் சராசரிக் குளிர் உச்சம் ஜனவரி நடுவிலிருந்து இறுதிவரை, பொங்கலும் சரியாக அப்போது. வீட்டு வாசலில் பானை வைக்கச் சிறிய உருளை செருகும் பியூட்டேன் அடுப்பை எடுத்துப் போகிறவர்கள் நிறைய. பியூட்டேன் ஆவியாவது 0 டிகிரியை ஒட்டித்தான். −10-இல் அது உருளைக்குள் திரவமாகவே கிடக்கும், அடுப்பு பற்றாது. புரோப்பேன் −42 வரை ஆவியாகும், அதனால் புரோப்பேன் அடுப்பு எரியும். காற்றுக்குப் பயந்து அடுப்பைக் கராஜுக்குள் இழுப்பது மட்டும் கூடவே கூடாது. 2013 டிசம்பர் உறைமழையில் (தரையில் பட்டதும் ஐஸாகும் மழை) டொராண்டோவில் மூன்று லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனபோது, அடைத்த இடத்தில் ஜெனரேட்டரும் கரி அடுப்பும் வைத்து நச்சுப்புகைக்கு ஆளானவர்கள் இருந்தார்கள், ஒன்டாரியோவில் உயிர்களும் போயின. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

அந்த உறைமழைக்குப் பின் 2014 ஜனவரியில் குளிர் இறங்கியபோது டொராண்டோவில் நள்ளிரவில் வெடிச்சத்தம் கேட்டுப் பலர் எழுந்தார்கள். ஈரம் ஊறிய மண் சட்டென்று உறைந்து விரிந்து வெடித்த ஓசை அது, உறைநடுக்கம் என்பார்கள். காதுக்குத்தான் பயம், வீட்டுக்குச் சேதம் அபூர்வம்.

## அப்படியானால் உலகம் சூடாகிறது என்பது?

சூடாகிறது, ஆர்க்டிக் இன்னும் வேகமாக. 1979-க்குப் பிறகு ஆர்க்டிக் உலகச் சராசரியைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடேறியிருக்கிறது. குளிர் தயாராகும் பட்டறையே வெப்பமாகும்போது, அங்கிருந்து வரும் சரக்கின் காரமும் சராசரியாகக் குறைகிறது. டொராண்டோ நகரின் ஆகக் குறைந்த பதிவு −32.8 டிகிரி, 1859 ஜனவரி 10 அன்று. பியர்சன் விமான நிலையத்தின் −31.3 பதிவானது 1981-இல். இரண்டும் பழைய கதைகள்.

ஆர்க்டிக் சூடேறுவதால் ஜெட் காற்றோட்டம் தளர்ந்து அதிகம் வளைகிறதா, அதனால் குளிர் அடிக்கடி தெற்கே வழிகிறதா என்பதில் விஞ்ஞானிகளிடையே ஒத்த கருத்து இல்லை. ஆம் என்போரும் உண்டு, தற்செயல் அலைவு என்போரும் உண்டு. ஒரு வாரக் குளிரை வைத்துப் புவி வெப்பமாதலை மறுப்பதும், அதே குளிரை அதன் நேரடி விளைவு என்று அடித்துச் சொல்வதும் ஒரே அளவு அவசரம்.

## குளிர் போகும் நாள்

முன்னறிவிப்பின் கடைசி வரியை யாரும் கவனிப்பதில்லை. ‘காற்று தெற்குக்குத் திரும்பும், வெப்பநிலை இயல்புக்கு வரும்’ என்று இருக்கும். இங்கே இரண்டு சங்கதிகள் உண்டு. தெற்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான காற்று லேசானது, அது கனமான குளிர்காற்றைத் தள்ளாமல் மேலே ஏறி ஓடும். மேலே மழையாகப் புறப்படுவது கீழே உறைநிலையில் கிடக்கும் தரையில் பட்டு ஐஸாகும். அதனால் குளிர் விலகும் முதல் சில மணி நேரத்துக்கு உறைமழை வாய்ப்பு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

மற்றது குழாய். வெளிச்சுவரை ஒட்டிய குழாய் உறையும்போது ஐஸ் அடைப்புக்கும் மூடிய திருகுக்கும் நடுவே மாட்டிய தண்ணீரின் அழுத்தம் ஏறி ஏறிக் குழாய் கீறுகிறது. அந்த இரவில் சத்தமும் இல்லை, கசிவும் இல்லை, ஐஸே தக்கையாக அடைத்திருக்கிறது. திருகில் தண்ணீர் வரவில்லை என்பது மட்டும்தான் அடையாளம். பிளம்பர்களுக்கு அழைப்பு குவிவது −22 அடித்த இரவில் இல்லை, அதற்கு இரண்டு நாள் கழித்து, செயலி +2 என்று காட்டி எல்லோரும் ஜாக்கெட்டைத் திறந்துவிட்டுக்கொண்டு நடக்கும் மதியத்தில்.